தாடைக் கொழுப்பைக் கரைக்கும் ஊசி: போட்டுக்கொள்ளும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது: தங்கைக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தாடைக்குக் கீழே தொங்கும் சதையைக் கரைக்க, சென்னையில் உங்கள் வீட்டருகே உள்ள ஓர் அழகு நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, பக்கவிளைவு இல்லை, மூன்று முறை வந்தால் போதும் என்கிறார்கள். விரும்பினால் அதே ஊசியை வயிற்றுக்கும் மேல்கைக்கும் போடலாம் என்றும் சொல்கிறார்கள். இது பாதுகாப்பானதா, சட்டம் என்ன சொல்கிறது, போட்டுக்கொள்ளலாமா?

அந்த அழகு நிலையத்தில், அவர்கள் சொல்லும் விதத்தில், போட்டுக்கொள்ளக் கூடாது. தாடைக்கு வேண்டாம், வயிற்றுக்கு நிச்சயமாக வேண்டாம். இந்த வகை ஊசிகள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. இவற்றில் ஒரு மருந்து முறையாக ஆராயப்பட்டு, ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் ஒப்புதல் பெற்றிருக்கிறது. அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால், அது எந்தக் கையில் இருக்க வேண்டும், எந்தக் கையில் இருக்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த மருந்தின் பெயர் டியாக்சிகோலிக் அமிலம். இது நம் உடலுக்கு அந்நியமான பொருள் அன்று. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலத்தைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மாற்றுவதால் உண்டாவது. உணவில் உள்ள கொழுப்பைச் சிறுசிறு துளிகளாக உடைத்துச் செரிமானத்துக்கு உதவுவது. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த பாத்திரத்தைச் சோப்புத்தூள் எப்படிச் சுத்தம் செய்கிறதோ, ஏறக்குறைய அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஊசியில் ஏற்றித் தோலுக்கு அடியில் செலுத்தும்போது, கொழுப்புச் செல்களைச் சுற்றியுள்ள சவ்வை இது கரைத்து உடைத்துவிடுகிறது. உடைந்த செல்லில் இருந்த கொழுப்பு வெளியே சிந்துகிறது. உடல் அந்த இடத்துக்கு அழற்சி அணுக்களை அனுப்பி, சிதைந்தவற்றைப் பல வாரங்களில் மெல்ல அப்புறப்படுத்துகிறது. அங்கே புதிய நார்த்திசு உருவாவதால் இடம் சற்று இறுகுகிறது. விளம்பரத்தில் ‘கரைத்தல்’ என்று இதமாகச் சொல்லப்படும் செயல், உண்மையில் திசுவை வேண்டுமென்றே அழித்து, அந்தக் காயத்தை உடல் ஆற்றிக்கொள்ளும்படி விடுவதுதான். ஊசிக்குப் பின் வரும் வீக்கமும் வலியும் அந்த வேலையின் ஒரு பகுதியே. ‘வீக்கமே வராது’ என்று ஒருவர் உறுதி சொன்னால், ஒன்று அவருக்கு மருந்தைப் பற்றித் தெரியவில்லை, அல்லது அவர் ஏற்றுவது இந்த மருந்தே அல்ல.

இதில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. டியாக்சிகோலிக் அமிலத்துக்குக் கொழுப்புச் செல்லையும் மற்றச் செல்லையும் பிரித்தறியத் தெரியாது. தோல், தசை, நரம்பு, இரத்தக்குழாய், சுரப்பி என்று எதன் சவ்வையும் அது உடைக்கும். தோலிலும் தசையிலும் புரதம் மிகுதியாக இருப்பதால் மருந்தின் வீரியம் அங்கே ஓரளவு மட்டுப்படுகிறது. கொழுப்பில் புரதம் குறைவு என்பதால் அங்கே முழு வீச்சில் வேலை செய்கிறது. அந்த ‘ஓரளவு’ என்பதற்கு மேல் பாதுகாப்பு எதுவும் கிடையாது. மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை, ஊசி முனையை நகர்த்தும் கைதான் தீர்மானிக்கிறது. தோலுக்கு மிக நெருக்கமாக ஏற்றினால் தோல் புண்ணாகி அழுகும். ஆழமாக ஏற்றினால் தசையும் நரம்பும் பாதிக்கப்படும். இரத்தக்குழாய்க்குள் ஏறினால் அந்தக் குழாய் இரத்தம் கொடுக்கும் தோல் பகுதி முழுவதும் செத்துப்போகக்கூடும்.

அப்படி ஏறிவிட்டால் மாற்று மருந்து கிடையாது. உதட்டையும் கன்னத்தையும் நிரப்பப் பயன்படும் ஹைலூரானிக் அமில ஃபில்லர் தவறான இடத்தில் போய்விட்டால், அதைக் கரைக்க ஹைலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் ஊசிக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளே போன மருந்து தன் வேலையை முடித்துவிட்டுத்தான் ஓயும்.

இதன் வரலாறு சற்று நீளமானது. இன்று சந்தையில் உள்ள குழப்பத்துக்கு அதுவே காரணம் என்பதால் சொல்கிறேன். சிறு அளவில் பல மருந்துகளைத் தோலுக்கு அடியில் ஏற்றும் ‘மீசோதெரபி’ என்ற முறையை 1952-இல் பிரான்சில் மிஷேல் பிஸ்டோர் என்ற மருத்துவர் தொடங்கினார். அவருடைய நோக்கம் வலி நிவாரணம். அழகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1990-களில் பிரேசிலில், இரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் நிலைக்காகத் தயாரிக்கப்பட்ட பாஸ்ஃபாடிடைல்கோலின் மருந்து ஒன்றைக் கண்ணுக்குக் கீழுள்ள கொழுப்பைக் குறைக்கப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அது உலகெங்கும் பரவியது. பிறகு 2004 வாக்கில் நடந்த ஆய்வுகளில்தான் உண்மை வெளிப்பட்டது. கொழுப்பை உடைத்தது பாஸ்ஃபாடிடைல்கோலின் அன்று; அதைத் தண்ணீரில் கரைத்து வைப்பதற்காகத் துணைப்பொருளாகச் சேர்த்திருந்த டியாக்சிகோலேட், அதாவது டியாக்சிகோலிக் அமிலத்தின் உப்புதான். அதற்குள் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேருக்கு, எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தெரியாமலேயே அந்தக் கலவை ஏற்றப்பட்டுவிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 ஏப்ரலில், இத்தகைய கலவைகளைப் பாதுகாப்பானவை என்று விளம்பரப்படுத்திய அழகு மையங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது.

அதன் பிறகே டியாக்சிகோலிக் அமிலத்தைத் தனியாக எடுத்து முறையான மருத்துவச் சோதனைகள் நடந்தன. 2015 ஏப்ரலில் ‘கைபெல்லா’ என்ற பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வேறு சில நாடுகளில் அது ‘பெல்கைரா’. அந்த ஒப்புதலின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். வயது வந்தவர்களுக்கு, தாடைக்குக் கீழே, நடுத்தரம் முதல் கடுமையான அளவுக்குச் சேர்ந்திருக்கும் கொழுப்புக்கு மட்டும். ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து. ஒவ்வொரு குத்திலும் 0.2 மில்லிலிட்டர், ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, ஓர் அமர்வில் அதிகபட்சம் 50 குத்துகள், மொத்தம் 10 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. அமர்வுகளுக்கு இடையே குறைந்தது ஒரு மாதம். அதிகபட்சம் ஆறு அமர்வுகள். மருந்தை வேறு எதனுடனும் கலக்கக் கூடாது, நீர்க்கச் செய்யக் கூடாது. ஒரு குப்பி ஒரு நபருக்கு மட்டுமே. மீதியைக் கொட்டிவிட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடுகள் எதற்காக என்று கேட்டால், ஒப்புதலுக்கு ஆதாரமான சோதனைகளில் இவ்வளவையும் கடைப்பிடித்துத்தான் முடிவுகள் பெறப்பட்டன. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அந்த முடிவுகளை மேற்கோள் காட்டும் உரிமையும் போய்விடுகிறது.

இவ்வளவு கட்டுப்பாட்டுடன் நடந்த சோதனைகளிலேயே என்ன நேர்ந்தது என்று பாருங்கள். மருந்து பெற்றவர்களில் 87 விழுக்காட்டினருக்கு வீக்கம், 72 விழுக்காட்டினருக்கு இரத்தம் கட்டிக் கன்றிப்போதல், 70 விழுக்காட்டினருக்கு வலி, 66 விழுக்காட்டினருக்கு மரத்துப்போதல். இவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடக்கூடியவை, ஆனால் ஓரிரு நாளில் அல்ல. முதல் சில நாள்கள் கழுத்து தவளையின் கழுத்தைப் போல உப்பியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மையான மருத்துவர்களின் வழக்கம். மரத்துப்போதல் பல வாரங்கள் நீடிக்கும். 4 விழுக்காட்டினருக்குத் தாடை எலும்பின் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்புக் கிளை பாதிக்கப்பட்டது. கீழுதட்டை இறக்கும் தசையை இயக்குவது அந்த நரம்பு. அது மங்கினால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் இறங்காமல் கோணும். சோதனைகளில் அப்படிக் கோணியவர்கள் அனைவருக்கும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு நாள் முதல் 298 நாள்கள் வரை ஆயிற்று. அவர்களில் பாதிப் பேருக்கு 44 நாள்களுக்கு மேல். 2 விழுக்காட்டினருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. மருந்து சந்தைக்கு வந்த பிறகு, ஊசி போட்ட இடத்தில் புண், திசு அழுகல், ஆண்களுக்குத் தாடிமுடி உதிர்தல் ஆகியவையும் பதிவாகிப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பலன் எவ்வளவு? தாடைச் சதையின் அளவை மருத்துவரும் நோயாளியும் தனித்தனியே மதிப்பிட்டு, இருவருமே குறைந்தது ஒரு படி குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்கள் மருந்து பெற்ற குழுவில் ஏறத்தாழ 70 விழுக்காடு. போலி ஊசி பெற்ற குழுவில் ஏறத்தாழ 20 விழுக்காடு. இரண்டு படி குறைந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ஆகவே இந்த மருந்து வேலை செய்கிறது, மிதமாக, பல மாதங்களில். ‘மூன்று ஊசியில் தாடை கூர்மையாகும்’ என்பது அந்தச் சோதனைகள் சொல்லும் செய்தி அல்ல.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அண்ணா நகர், தியாகராய நகர், வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை என்று எங்கு பார்த்தாலும் ‘ஸ்கின் அண்ட் ஹேர்’ பலகைகள் முளைத்திருக்கின்றன. அவற்றில் முறையாகப் படித்த தோல் மருத்துவர்கள் நடத்துபவையும் உண்டு. சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு நடத்துபவையும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு வேறுபாடு தெரியாது. இரண்டிலும் வெள்ளைக் கோட்டு, இரண்டிலும் குளிரூட்டிய அறை. இரண்டாவது வகையில் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதே முதல் ஆபத்து. கொரியாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ கூரியரில் வந்து இறங்கும் குப்பிகளில் டியாக்சிகோலிக் அமிலம் எந்தச் செறிவில் இருக்கிறது, உண்மையில் இருக்கிறதா, கிருமி நீக்கம் செய்யப்பட்டதா என்பதை ஏற்றுபவரே அறிய மாட்டார். ‘லெமன் பாட்டில்’ என்ற பெயரில் சமூக ஊடகங்களில் பிரபலமான கரைசலில் இருப்பதாகச் சொல்லப்படுபவை வைட்டமின் பி2, அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமலைன், லெசிதின். இயற்கையானவை என்று கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வாய்வழி உண்ணும் பொருள் எதுவாயினும், ஊசி வழியே திசுவுக்குள் போகும்போது அது வேறு கதை. தாடைக்கு அடியில் அதைச் செலுத்துவது பாதுகாப்பானது என்று காட்டும் தரமான சோதனை எதையும் விற்பவர்கள் முன்வைப்பதில்லை. இத்தகைய கலவைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சதை குறைந்ததைப் போல முதலில் தோன்றி, பிறகு அந்த இடம் குழிவிழுந்து தோல் வெளுத்துப்போகும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல் அக்வாலிக்ஸ், லிப்போடிசால்வ், லிப்போ லேப், கேபலைன் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே எச்சரித்தது. அவை அங்கே ஒப்புதல் பெறாதவை. அவற்றைப் போட்டுக்கொண்டவர்களிடமிருந்து வந்த புகார்களில் நிரந்தரத் தழும்பு, கடுமையான நோய்த்தொற்று, தோல் உருக்குலைவு, நீர்க்கட்டிகள், ஆழத்தில் வலிக்கும் முடிச்சுகள் ஆகியவை இருந்தன. இணையத்தில் வாங்கித் தாமே ஊசி போட்டுக்கொண்டவர்களும் அதில் அடக்கம். அந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்றை உங்கள் தங்கையிடம் சொல்லியிருந்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நோய்த்தொற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பது இதைத்தான். ஊசியால் வரும் தொற்று என்றால் மறுநாளே சிவந்து, சூடாகி, சீழ் வைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி வருவதும் உண்டு. அதற்கு உடனே மருந்து கொடுக்கலாம். அதைவிடத் தொல்லையானது, காசநோய்க் கிருமியின் உறவினர்களான வேறு மைக்கோபாக்டீரியாக்களால் வருவது. அப்சஸஸ், கெலோனே, ஃபார்ச்சூய்டம் என்ற பெயருள்ள இந்தக் கிருமிகள் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்பவை. குழாய்களிலும் தொட்டிகளிலும் படலமாக ஒட்டிக்கொண்டு குளோரினையும் தாங்கி நிற்பவை. லாரித் தண்ணீரைக் கீழ்த்தொட்டியில் இறக்கி, மேல்தொட்டிக்கு ஏற்றி வாழும் நம் நகரத்தில், அந்தத் தண்ணீரில் உறைய வைத்த பனிக்கட்டியை ஊசி போட்ட இடத்தில் வைப்பதும், அந்தத் தண்ணீரில் கருவிகளைக் கழுவுவதும் போதுமானவை. ஊசி போட்டு வாரங்கள் கழித்து, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், ஊசித் தடங்களின் வரிசையிலேயே ஊதா நிற முடிச்சுகள் எழும்பும். பிறகு ஒவ்வொன்றாகக் கசியும். வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது. திசுவை எடுத்துச் சோதித்தால் காசநோயைப் போலவே தெரிவதால், சில நேரம் காசநோய் மருந்து தொடங்கப்பட்டுவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் கேட்காது. கிருமியை வளர்த்து, இனம் கண்டு, எதற்குக் கட்டுப்படும் என்று பார்த்து, பல மாதங்கள் கூட்டு மருந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு அறுவையும் தேவைப்படும். அமெரிக்கத் தலைநகர்ப் பகுதியில் 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீசோதெரபி ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு இப்படித் தோல் பாதிப்புகள் ஏற்பட்டு, அரசு நோய்த்தடுப்பு மையமே விசாரித்தது. ‘கொழுப்பு ஊசி போட்டேன்’ என்பதை வெட்கத்தால் மருத்துவரிடம் மறைப்பவர்களுக்குத்தான் நோயை இனம் காண்பது மிகவும் தாமதமாகிறது. மறைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வாக்கியம் மாதக்கணக்கான அலைச்சலைத் தவிர்க்கும்.

நம் தோலுக்கே உரிய மற்றொன்றும் உண்டு. மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோலில் எந்த அழற்சி வந்து போனாலும் அது கருமையை விட்டுச் செல்கிறது. வெளிர்ந்த தோலில் சிவந்து மறையும் தழும்பு நமக்குக் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்கும். வெளிநாட்டு முன்பின் படங்களைக் காட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அழகுக்கலைஞர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், தோலுக்கு அடியில் மருந்தை ஊசியால் செலுத்துவது மருத்துவச் செயல். அழகுக்கலைப் பட்டயத்தைக் கொண்டு அதைச் செய்ய முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையில், அழகியல் சிகிச்சைகளைப் பதிவு பெற்ற, அதற்கான முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றும் தெளிவாகக் கூறியது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அழகு நிலையத்துக்கான வணிக உரிமம் அதற்கு ஈடாகாது. இதை வெறும் காகித விவகாரம் என்று எண்ண வேண்டாம். 2016-இல் இதே சென்னையில், அழகு நிலைய உரிமம் மட்டுமே வைத்திருந்த ஓர் இடத்தில் தலைமுடி மாற்றுச் சிகிச்சைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவர் மருத்துவம் படித்தவர். அவருக்கே அந்த இடம் நம்பத்தக்கதாகத் தோன்றியிருக்கிறது.

எனவே ஊசி போடப்போகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். எம்.டி. அல்லது டிப்ளமா பெற்ற தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரா என்று பாருங்கள். பலகையில் ஒரு மருத்துவர் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே வேறொருவர் ஊசி போடுவது நடக்கிறது. ஆகவே ‘யார் போடுவார்?’ என்று நேரடியாகக் கேளுங்கள். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். அதன் மேல் தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், தயாரிப்பு உரிம எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு மருந்தானால் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் இருக்க வேண்டும். அவை இல்லாத குப்பி நம் நாட்டில் மருந்தாக விற்கப்படவே கூடாதது. லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது நேர்ந்தால் சிகிச்சை தரும் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு வேண்டாத இடம்.

வயிற்றுக்கும் மேல்கைக்கும் ஏன் வேண்டாம்? ஒப்புதல் பெற்ற அளவு, தாடைக்குக் கீழே உள்ள ஒரு சிறு பரப்புக்கு உரியது. வயிற்றின் பரப்புக்கு அதே முறையில் போட வேண்டுமானால் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். அவ்வளவு மருந்து, அவ்வளவு அழற்சி, அவ்வளவு சிதைந்த திசு உடலில் என்ன செய்யும் என்பதற்குப் பாதுகாப்பான வரம்பு வகுக்கப்படவில்லை. வரம்பைக் காக்க நீர்த்துப்போகச் செய்தால் பலனும் இருக்காது. இன்னொன்று: நம்மவர்களின் தொப்பையில் கணிசமான பகுதி, தோலுக்கு அடியில் அல்ல, குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே சேர்ந்திருக்கிறது. அதை எந்த ஊசி முனையும் தொட முடியாது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 விழுக்காடு, நீரிழிவு உள்ளவர்கள் 11.4 விழுக்காடு என்று கண்டறியப்பட்டது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால், செல்ல வேண்டிய இடம் அழகு நிலையம் அல்ல, பொதுநல மருத்துவரின் அறை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2025 முதல் இந்தியாவில் கிடைக்கும் ‘மௌஞ்சாரோ’, ‘வெகோவி’ போன்ற எடைக்குறைப்பு ஊசிகளும் வயிற்றுத் தோலில்தான் போடப்படுகின்றன. அதனால் அவையும் அந்த இடத்துக் கொழுப்பைக் கரைப்பவை என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. அவை இரத்தத்தில் கலந்து, பசியையும் இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைத்து, உடல் முழுவதும் எடையை இறக்குபவை. தொடையில் போட்டாலும் அதே பலன்தான். அவற்றுக்குத் தனியான பயன்களும் தனியான ஆபத்துகளும் உண்டு, மருத்துவரின் கண்காணிப்பும் தேவை. இரண்டையும் ஒரே பெயரில் ‘கொழுப்பு ஊசி’ என்று விற்பவரிடம், எந்த ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்கள், விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிக்காக அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

ஒருவேளை தங்கை ஏற்கெனவே ஓர் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார் என்றால், பயந்துபோய் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஊசி போட்ட சில நிமிடங்களிலோ மணிநேரத்திலோ தோல் வெளிறிப்போவது, வலைபோல நீலம் பாய்வது, தாங்க முடியாத வலி ஆகியவை இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். முகமும் நாக்கும் வீங்குவது, மூச்சுத் திணறல், உடல் முழுவதும் தடிப்பு ஆகியவை கடும் ஒவ்வாமை. இவற்றில் எது வந்தாலும் ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம்; 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்க முடியாமை, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, தோல் கறுத்துப் புண்ணாவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிரிப்பு கோணினால் பதறாமல் தோல் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டுங்கள். பெரும்பாலும் காலம்தான் மருந்து. பணம் ஒரு தடையாக வேண்டாம்: ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகள் உண்டு. பக்கவிளைவை நாட்டின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். அப்படித் தெரிவிப்பவர்கள் குறைவு என்பதால்தான் ‘இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்று கூசாமல் சொல்ல முடிகிறது.

இறுதியாக, தை மாதத் திருமணத்தைப் பற்றி. இந்த ஊசியைத் தகுதியான கையால் போட்டுக்கொண்டாலும், மாதம் ஒன்றாகப் பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் பிறகு வீக்கம், கடைசி அமர்வுக்குப் பின் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் என்று கணக்கிட்டால், தைக்குள் முடியாது. பாதியில் நிற்கும் சிகிச்சையோடும் கன்றிய கழுத்தோடும் மணமேடையில் அமர்வதற்கே வாய்ப்பு அதிகம். நரம்பு மங்கிச் சிரிப்பு கோணினால், அது கல்யாணப் படங்கள் அனைத்திலும் இருக்கும். ஆகவே திருமணத்துக்கு முன் இந்த ஊசியே வேண்டாம். இப்போது செய்ய வேண்டியது வேறு. தாடைக்குக் கீழே தெரிவது கொழுப்புதானா என்று முதலில் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். தைராய்டு வீக்கம், இறங்கிய உமிழ்நீர்ச் சுரப்பி, நிணநீர்க் கட்டி, தளர்ந்த தோல், பின்வாங்கிய தாடை எலும்பு ஆகிய எல்லாமே கண்ணாடியில் ‘இரட்டைத் தாடை’யாகவே தெரியும்; கழுத்துத் தசைக்கு அடியில் உள்ள கொழுப்பும் அப்படியே. இவை எதற்கும் இந்த ஊசி உதவாது, சிலவற்றில் கெடுதலும் செய்யும். நம் பெண்களிடையே தைராய்டுக் கோளாறு சாதாரணம் என்பதால், டி.எஸ்.எச். பரிசோதனையும் தேவையானால் கழுத்துக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றித் தோல் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காமல், சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். கொழுப்புதான் என்று உறுதியாகி, திருமணத்துக்குப் பிறகும் தங்கைக்கு அந்த எண்ணம் மாறாமல் இருந்தால், அப்போது ஒரு தோல் மருத்துவரிடம் இந்த ஊசி, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன், எதுவும் செய்யாமல் இருப்பது ஆகிய மூன்றையும் வைத்துப் பேசட்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தால் அதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடட்டும்.